தயார்க் கலவை ஃபண்டுகளில் எதை எடுப்பது? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்கு, கடன் பத்திரம், தங்கம் எல்லாவற்றையும் ஒரே மியூச்சுவல் ஃபண்டுக்குள் கலந்து தருவதுதான் மல்டி அசெட் ஃபண்ட். எதில் எவ்வளவு போடுவது, எப்போது கூட்டிக் குறைப்பது என்பதை ஃபண்ட் மேலாளர் பார்த்துக்கொள்வார். புதிதாக வருபவருக்கு இது நல்ல வழிதான். சிக்கல் என்னவென்றால் எஸ்பிஐ, ஐசிஐசிஐ, ஹெச்டிஎஃப்சி, யூடிஐ, நிப்பான், டாடா என்று பெரிய நிறுவனங்கள் எல்லாரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. வெளியே ஒரே பெயர், உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

எனக்கும் அம்மாவுக்கும் கணக்கு திறந்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஃபண்டைத் தேர்வு செய்தது ஒரு பங்கு வேலை என்றால் காகித வேலை மூன்று பங்கு. உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று வரிசைப்படி எழுதுகிறேன்.

ஒரு நிபந்தனை. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம், அதாவது கல்யாணச் செலவு, காலேஜ் ஃபீஸ், வீட்டு வேலை போன்றவற்றுக்கு வைத்திருப்பது, வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இருக்கும் பணத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் வீட்டில் இருப்பதை எழுதுங்கள்

ஃபண்ட் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: எத்தனை பவுன் தங்கம், எத்தனை சென்ட் நிலம், வங்கியிலும் தபால் நிலையத்திலும் எவ்வளவு, நடக்கிற சீட்டு எத்தனை. நம் மாவட்டத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் தாள் ஒரே மாதிரிதான் இருக்கும். தங்கமும் நிலமும் நிறைய, டெபாசிட் கொஞ்சம், பங்குச் சந்தையில் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத் தங்கம் கலந்த ஃபண்ட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில், அந்தத் தங்கத்தை நீங்கள் விற்பீர்களா என்பதைப் பொறுத்தது. மகளுக்கென்று லாக்கரில் இருக்கும் நகை சொத்துக் கணக்கில் சேராது. விலை இரண்டு மடங்கு ஆனாலும் நீங்கள் அதைத் தொடப்போவதில்லை, அது ஏற்கெனவே வேறொருவருடையது. ஆத்திர அவசரத்துக்கு அடகு வைப்பதற்கும் விற்பதற்கும் தயாராக இருக்கும் நகை, காசு, தங்கப் பத்திரம் இவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அப்படி எடுத்த பிறகும் உங்கள் சேமிப்பில் கால் பங்குக்கு மேல் தங்கம் என்றால், மல்டி அசெட் ஃபண்டை விட, பங்கும் கடன் பத்திரமும் மட்டும் உள்ள கலவை உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. தங்கம் எல்லாம் பிள்ளைகளுக்குத்தான் என்றால் மல்டி அசெட் சரி.

2. எந்த வகைக் கலவை

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017-ல் ஃபண்டுகளை வகை பிரித்து, ஒவ்வொன்றும் எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்று விதி போட்டது. கலவை ஃபண்டுகளில் ஒரு புதியவர் பார்க்க வேண்டியவை இவை.

அக்ரெசிவ் ஹைப்ரிட்: 65 முதல் 80 சதவீதம் பங்கு, மீதி கடன் பத்திரம். சந்தை விழுந்தால் இதுவும் நன்றாகவே விழும்.

கன்சர்வேடிவ் ஹைப்ரிட்: பங்கு 10 முதல் 25 சதவீதம்தான். ஓய்வு பெற்றவர்கள் விரும்பிக் கேட்பார்கள். வரி விஷயத்தில் இடிக்கும், அது கீழே வருகிறது.

பேலன்ஸ்டு அட்வான்டேஜ்: பங்கின் அளவை மேலாளர் சந்தை நிலவரத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பார். குறைந்தபட்சம் இவ்வளவு என்ற விதியே கிடையாது.

மல்டி அசெட்: குறைந்தது மூன்று வகைச் சொத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 சதவீதம். மூன்றாவது பெரும்பாலும் தங்கம் அல்லது வெள்ளி.

கடைசி விதியைக் கவனியுங்கள். 80 பங்கு, 10 கடன், 10 தங்கம் என்று வைத்தாலும் மல்டி அசெட்தான். 40, 40, 20 என்று வைத்தாலும் மல்டி அசெட்தான். பங்குச் சந்தை 30 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குப் பகுதியால் மட்டும் முதல் ஃபண்டில் உங்கள் ஒரு லட்சத்தில் 24,000 ரூபாய் போகும், இரண்டாவதில் 12,000 போகும். பெயரை மட்டும் பார்த்து இரண்டின் வருமானத்தையும் ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் என்று இன்னொரு வகை உண்டு. பங்கையும் தங்கத்தையும் நேராக வாங்காமல் வேறு ஃபண்டுகளை வாங்கி வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபண்டுகளின் செலவும் சேர்த்து உங்கள் தலையில் விழும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

3. ஃபேக்ட்ஷீட்டை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு நிறுவனமும் மாதா மாதம் ஃபேக்ட்ஷீட் எனும் விவரத் தாளை வெளியிடும், தளத்தில் இலவசம். மூன்று நான்கு ஃபண்டுகளின் தாளை எடுத்து, உள்ளே எது எவ்வளவு என்பதை மட்டும் முதலில் பாருங்கள். வருமானப் பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் தவறில்லை.

பங்கு என்று போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நெட் ஈக்விட்டி’ அல்லது ‘ஹெட்ஜ்’ என்று இன்னொரு எண் இருக்கும். வரிச் சலுகைக்காகச் சில ஃபண்டுகள் மொத்தப் பங்கை 65 சதவீதத்துக்கு மேல் காட்டிவிட்டு, அதில் ஒரு பகுதியை எதிர்வர்த்தகம் போட்டுச் சமன் செய்து வைத்திருக்கும். அந்தப் பகுதி சந்தையோடு ஏறாது, இறங்கவும் செய்யாது. உண்மையில் உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை நெட் எண்தான் சொல்லும்.

கடன் பத்திரப் பகுதியில் அரசுப் பத்திரமும் ஏஏஏ தரமும் (மிக உயர்ந்த நம்பகத் தரம்) பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஏஏ, ஏ என்று இறங்கிக்கொண்டே போனால் கூடுதல் வட்டிக்காக ரிஸ்க் எடுக்கிறார்கள் என்று பொருள். அந்த ரிஸ்க்கைப் பங்கில் எடுத்தாயிற்று, கடனிலும் எதற்கு?

தங்கம், வெள்ளி, வெளிநாட்டுப் பங்கு, ரீட் (வாடகைக் கட்டடங்களில் முதலீடு) ஆகியவை எவ்வளவு, ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு என்று பழைய தாளோடு ஒப்பிடுங்கள். அடியோடு மாறியிருந்தால் மேலாளர் அடிக்கடி பந்தயம் கட்டுகிறவர். மல்டி அசெட்டில் எனக்கு அது பிடிக்காது.

இனி கையை எடுத்துவிட்டு வருமானத்தைப் பாருங்கள். 2024, 2025 இரண்டு வருடமும் தங்கம் பெரிதாக ஏறியது. அதனால் தங்கம் அதிகம் வைத்த ஃபண்டுகள் ஓராண்டுப் பட்டியலில் மேலே நிற்கும். அது மேலாளரின் திறமைக்குச் சான்று ஆகாது. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஏறக்குறைய 38 சதவீதம் விழுந்தது. அந்தச் சமயத்தில் இந்த ஃபண்ட் எவ்வளவு விழுந்தது என்று தேடுங்கள். அப்போது இல்லாத புது ஃபண்ட் என்றால், இந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. வேறொன்றைப் பாருங்கள்.

‘பெஞ்ச்மார்க்கை விட அதிகம்’ என்ற வாசகத்துக்கும் மயங்க வேண்டாம். மல்டி அசெட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கலவைக்கு ஏற்ற அளவுகோலைத் தானே அமைத்துக்கொள்கிறது. ஒன்றின் அளவுகோலை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது.

புது வெளியீடு, அதாவது என்எஃப்ஓ, யூனிட் 10 ரூபாய்தான், மலிவு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 10 ரூபாய் யூனிட்டும் 500 ரூபாய் யூனிட்டும் 8 சதவீதம் ஏறினால் உங்கள் லட்ச ரூபாய்க்குக் கிடைப்பது ஒரே 8,000 தான்.

4. வரி: ஒரே பெயர், மூன்று வரி

2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி:

உள்நாட்டுப் பங்கு 65 சதவீதத்துக்கு மேல் உள்ள ஃபண்ட்: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

பங்கு 35 முதல் 65 சதவீதம்: இரண்டு வருடம் தாண்டினால் 12.5 சதவீதம். 1.25 லட்சம் விலக்கு இதற்குக் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம்.

கடன் பத்திரம் 65 சதவீதத்துக்கு மேல்: எத்தனை வருடம் வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரி விகிதம்தான். கன்சர்வேடிவ் ஹைப்ரிட் இங்கேதான் வரும்.

எந்த மல்டி அசெட் ஃபண்ட் எந்த வகையில் வருகிறது என்பது அதன் திட்ட ஆவணத்தில் இருக்கும். வாங்கும் முன்பே பாருங்கள். இருபது, முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வரி விஷயத்தில் கலவை ஃபண்டுக்கு ஒரு சாதகமும் உண்டு. நீங்களே தனித்தனியாக வாங்கினால், தங்கம் ஏறும்போது கொஞ்சம் விற்றுப் பங்கு வாங்க நினைத்தாலும் அந்த விற்பனைக்கு வரி. அதையே ஃபண்டுக்குள் மேலாளர் செய்தால் உங்களுக்கு வரி இல்லை. நீங்கள் யூனிட்டை விற்கும்போது மட்டும்தான்.

விண்ணப்பத்தில் ‘குரோத்’, ‘ஐடிசிடபிள்யூ’ என்று இரண்டு இருக்கும். முதலாவதில் லாபம் ஃபண்டுக்குள்ளேயே வளரும், இரண்டாவது டிவிடெண்ட். அந்தப் பணம் உங்கள் முதலிலிருந்தே வரலாம், வந்தால் வருமானத்தோடு சேர்ந்து வரியும் உண்டு. குரோத் எடுங்கள். மாதாமாதம் பணம் வேண்டும் என்றால் பின்னால் எஸ்டபிள்யூபி (மாதம் ஒரு தொகை எடுக்கும் முறை) போட்டுக்கொள்ளலாம்.

5. டைரக்டா, ரெகுலரா

ஒரே ஃபண்டுக்கு இரண்டு விலை. ரெகுலரில் முகவருக்கான கமிஷன் ஆண்டுச் செலவில் சேர்ந்திருக்கும், டைரக்டில் இருக்காது. வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்தால், 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். பில் எதுவும் வராது, யூனிட் விலையிலேயே கழிந்துவிடும்.

படிவம், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), புகார் எல்லாவற்றையும் ஓடிச் செய்து தரும் நல்ல முகவருக்கு அந்தப் பணம் தகும். வங்கிக் கவுண்டரில் டெபாசிட் புதுப்பிக்கப் போன இடத்தில் கையெழுத்து வாங்குபவருக்குத் தகாது. அங்கே ஃபண்ட் என்று சொல்லி, முதலீடு கலந்த யூலிப் காப்பீடு நீட்டுவதும் நடக்கிறது. தாளில் ‘பிரீமியம்’ என்ற சொல் இருந்தால் அது ஃபண்டே இல்லை. முகவரிடம் அவருடைய பதிவு எண்ணான ஏஆர்என் கேளுங்கள், ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ‘மாசம் இத்தனை சதவீதம் உறுதி’ என்று வாட்ஸ்அப் குழுவில் வருவதற்கு எந்த எண்ணும் இருக்காது.

ரெகுலரில் போட்டுவிட்டுப் பிறகு டைரக்டுக்கு மாறினால் அது விற்பனையாகக் கருதப்படும். வரி உண்டு, சீக்கிரம் எடுப்பதற்கான கட்டணமான எக்ஸிட் லோடும் விழலாம். ஆகவே தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

6. கேஒய்சி: நாள் போகும் இடம்

வேண்டியவை: பான், ஆதார், ஒரு போட்டோ, பெயர் அச்சான கேன்சல் செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம், சொந்த மொபைல் எண், மின்னஞ்சல். பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும்.

நம்மூர்ப் பெயர்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக நிற்கும். ஆதாரில் இனிஷியல் மட்டும். வங்கியில் ஞானஸ்நானப் பெயர், பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுக்குக் கணவர் பெயர் வேறு. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கேஒய்சி நிற்கும், வங்கிக் கணக்கு சரிபார்ப்பும் நிற்கும்.

எதை மாற்றுவது? என் அனுபவத்தில், பானை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் லேசு. வருமான வரியும் முதலீடும் பானில்தான் ஓடுகின்றன. ஆதாரில் பெயர் மாற்ற 75 ரூபாய் கட்டணம், அடையாளச் சான்று வேண்டும். பானிலேயே பிழை என்றால் திருத்தத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். வங்கியில் கடிதம் கொடுக்க வேண்டும். ஆதார், பான், அப்புறம் வங்கி என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுக் கடைசியில் கேஒய்சிக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

ஆதாரில் இருக்கும் மொபைல் எண் யாருடையது? வயதான அம்மாக்களின் ஆதாரில் மகனின் எண் இருப்பது சகஜம். அந்த மகன் துபாயில் இருந்தால் ஓடிபி அங்கே போகும்; ரீசார்ஜ் செய்யாமல் எண்ணே செத்திருக்கவும் கூடும். எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். கைரேகை தேய்ந்தவர்கள், முக்கியமாக ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், கருவிழிப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேஒய்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதை, கேஒய்சி பதிவுகளை வைத்திருக்கும் கேஆர்ஏ தளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ‘வேலிடேட்டட்’ என்றால் எந்த நிறுவனத்திலும் தொடங்கலாம். ‘ரெஜிஸ்டர்டு’ என்றால் ஏற்கெனவே உள்ள நிறுவனத்தில் தொடரலாம், புது நிறுவனத்துக்கு மறுபடி கேஒய்சி வேண்டும். ‘ஆன் ஹோல்டு’ என்றால் சரி செய்யும் வரை எதுவும் நடக்காது. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் ஆன்லைனில் சில நிமிட வேலை, சரிபார்க்க இரண்டு மூன்று நாள். இணையம் ஒத்துவராதவர்களுக்கு, ஃபண்ட் நிறுவனங்களுக்காகப் பதிவு வேலை செய்யும் கேம்ஸ், கேஃபின்டெக் சேவை மையங்கள் நாகர்கோவிலில் உண்டு. முகவரியைத் தளத்தில் பார்த்துவிட்டு, அசல் ஆவணங்களோடு காலையிலேயே போங்கள்.

நாமினி பெயரை அப்போதே எழுதுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டவர்களின் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்குகிறது.

7. வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால்

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் என்ஆர்ஐ ஆனதும், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றி, கேஒய்சியிலும் நிலையை மாற்ற வேண்டும். பழைய எஸ்ஐபி (மாதாமாதம் தவணையாகப் போடும் முறை) அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விடக் கூடாது. என்ஆர்ஐ விற்கும்போது லாபத்துக்கான வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும்.

மகனின் கணக்கிலிருந்து அம்மாவின் ஃபண்டுக்கு நேராகப் பணம் போட முடியாது. மூன்றாம் ஆள் பணம் என்று திருப்பிவிடுவார்கள். அம்மா கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து போட வேண்டும். மகன் தாய்க்குக் கொடுப்பதற்கு வரி இல்லை, அதன் லாபம் அம்மாவின் கணக்கில்தான் சேரும். மனைவி பெயரில் போட்டால் கதை வேறு. கணவர் கொடுத்த பணத்தில் வந்த லாபம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

வேறு வருமானம் இல்லாத அம்மாவுக்கு இன்னொரு சலுகை. இந்தியாவில் வசிப்பவர் என்பதால், அடிப்படை வரிவிலக்கு வரம்பில் மீதி இருப்பதை இந்த லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம். என்ஆர்ஐக்கு இது கிடையாது.

8. பணம் போடுவது

எஸ்ஐபி 100 அல்லது 500 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஐஎஃப்எஸ்சி எண் இல்லாத கூட்டுறவுச் சங்கக் கணக்கு உதவாது. நெட் பேங்கிங் அல்லது டெபிட் கார்டு வழியாகத் தானியங்கி அனுமதி கொடுத்தால் சில நாளில் முடியும். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம், கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பவும் வரலாம்.

சம்பளக்காரர்களுக்குத் தேதி பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரப்பரில் இலையுதிர் காலத்திலும் அடைமழையிலும் வெட்டு நிற்கும். கணக்கில் காசு இல்லாமல் தவணை திரும்பினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, வங்கி போடும். தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும். ஆகவே அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) போடுங்கள். இல்லையென்றால் எஸ்ஐபியைச் சிறிதாக வைத்து, வருமானம் வரும் மாதங்களில் கூடுதலாக மொத்தமாகப் போடுங்கள். இரண்டாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை பிடிப்பார்கள், லட்சத்துக்கு 5 ரூபாய். பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு கலவை ஃபண்ட் போதும். நான்கு மல்டி அசெட் ஃபண்ட் வாங்கினால் நான்கிலும் அதே பெரிய வங்கிப் பங்குகளும் அதே தங்கமும்தான் இருக்கும். வரிக் கணக்குதான் நான்கு மடங்கு.

9. எடுக்கும்போது

பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் எக்ஸிட் லோடு உண்டு, பெரும்பாலும் ஒரு சதவீதம். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி ஓராண்டு என்பதை நினைவில் வையுங்கள். வேலை நாளில் மாலை 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய விலை. பணம் இரண்டு மூன்று வேலை நாளில் பதிவு செய்த கணக்குக்கு வரும். அந்த வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் பணத்தைத் தேடாதீர்கள். ஃபண்டில் புதுக் கணக்கை மாற்றிய பிறகே பழையதை மூடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபேக்ட்ஷீட்டை எடுத்து நீங்கள் வாங்கியபோது இருந்த கலவைதானா என்று பாருங்கள். எல்லா ஃபண்டும் சேர்ந்த ஒரே அறிக்கையை எம்எஃப் சென்ட்ரல் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். பணம் வரவில்லை, பெயர் மாறவில்லை என்ற புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் அந்த எண்ணோடு பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது.